கேட்காமல் பெற்ற சம்மதம்: பகுத்தறிவு இயக்கத் தோழர்களுக்கு ஒரு திறந்த மடல்

பகுத்தறிவு, சுயமரியாதை, மனிதநேய அமைப்புகளின் பொறுப்பாளர்களுக்கும் தோழர்களுக்கும் வணக்கம்.

மக்கள்தொகையைப் பற்றி நம் மேடைகளில் பேசும் முறை சில ஆண்டுகளாகவே என் மனத்தை உறுத்தி வருகிறது. "அளவான குடும்பம், வளமான வாழ்வு" என்று அரை நூற்றாண்டுக் காலம் முழங்கிய நாம், மக்கள்தொகைக் கணக்குப்படி மாநிலங்களுக்கு நாடாளுமன்ற இடங்களைப் பிரிக்கும் தொகுதி மறுவரையறை பற்றிய அச்சம் எழுந்ததும், இனி அதிகம் பெற்றுக்கொள்ள வேண்டும் என்ற பேச்சுக்கு மறுப்பில்லாமல் உட்கார்ந்திருக்கிறோம். சில இடங்களில் கைதட்டியும் கேட்கிறோம். பிள்ளை பெறுவதா வேண்டாமா, எப்போது, எத்தனை என்பதைச் சுமக்கிறவளே முடிவு செய்ய வேண்டும் என்பதுதான் நம் இயக்கம் தமிழ்நாட்டுக்குச் சொன்ன புதுச் செய்தி. அந்தச் செய்தியை நாமே கைநழுவ விட்டுவிட்டோமோ என்ற கவலையில் இம்மடலை எழுதுகிறேன்.

இதை எழுத எனக்குள்ள உரிமையை முதலில் சொல்லிவிடுகிறேன். என் தந்தையார் பள்ளி ஆசிரியர், இயக்கத்தில் ஊறியவர். எங்கள் வீட்டில் சாமி படம் கிடையாது. திண்ணையில் வாசகர் வட்டம் நடக்கும். கர்ப்பத்தடையைப் பற்றிச் சுற்றுவட்டாரக் கூட்டங்களில் துணிந்து பேசிய மிகச் சிலரில் அவரும் ஒருவர். 1973ஆம் ஆண்டு என் தம்பி பிறந்தான். எனக்கு அப்போது ஒன்பது வயது. பிரசவம் முடிந்த மறுநாள் காலையில் அம்மாவை மீண்டும் அறுவை அறைக்குக் கொண்டுபோனார்கள். தையல் போடத்தான் கூட்டிப்போகிறார்கள் என்று அம்மா நினைத்திருக்கிறார். நினைவு தெளிந்தபின் தொப்புளுக்குக் கீழே கட்டு இருப்பதைப் பார்த்தார். ஐந்தாம் வகுப்புவரை படித்தவர் என்பதால், கட்டில் கம்பியில் தொங்கிய அட்டையில் மையால் "கு.க." என்று எழுதியிருந்ததை எழுத்துக்கூட்டி வாசித்து, அதற்குக் குடும்பக் கட்டுப்பாடு என்று பொருள் என்பதைத் தரை துடைத்துக்கொண்டிருந்த ஆயாவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார். சம்மதப் படிவத்தில் முந்தைய நாள் மாலையே அப்பா கையெழுத்துப் போட்டுவிட்டிருந்தார். வராந்தாவில், மடக்கிய முழங்காலின் மேல் தாளை வைத்து அவர் கையெழுத்துப் போட்டதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அறுவைக்கு அரசு தந்த ஊக்கத்தொகையை அப்பா வாங்கவில்லை. கொள்கைக்காகச் செய்ததற்குக் கூலி எதற்கு என்று மறுத்துவிட்டதை அவர் பல ஆண்டுகள் பெருமையோடு சொல்லிக்கொண்டிருந்தார். அவர் நேர்மையான மனிதர். அம்மாவைக் கை நீட்டி அடித்ததில்லை. என்னைப் படிக்க வைத்தவரும் அவரே. அம்மாவைக் கேட்க வேண்டும் என்பது அவருக்குத் தோன்றவே இல்லை, அவ்வளவுதான். நான் வேலைக்குப் போனபிறகு ஒருநாள் இதைப் பற்றி அம்மாவிடம் கேட்டேன். "கேட்டிருந்தா நானே சரின்னுதான் சொல்லியிருப்பேன். மூணே போதும்னுதான் எனக்கும் இருந்துச்சு. கேக்கலையே" என்றார். இந்தக் "கேக்கலையே" என்ற ஒரு சொல்லை நம் இயக்கத்தின் முன் வைப்பதற்காகவே இத்தனையும் சொல்கிறேன்.

தோழர்களே, மக்கள்தொகை பற்றிய நவீன விவாதம் தொடங்கிய இடத்தை நினைத்துப் பாருங்கள். பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தின் பகுத்தறிவாளரான கொண்டோர்சே, தலைமறைவாக இருந்தபோது எழுதி, 1794இல் சிறையில் இறந்தபின் 1795இல் வெளியான தம் நூலில், மனிதகுலம் அறிவில் முதிரும்போது பிள்ளைப்பேற்றையும் தானே அளவுபடுத்திக்கொள்ளும் என்று எழுதினார். இன்னும் பிறக்காதவர்களுக்கு நாம் கடன்பட்டிருப்பது அவர்களுக்குப் பிறப்பைத் தருவதற்காக அல்ல, மகிழ்ச்சியைத் தருவதற்காகவே என்பது அவர் கருத்து. பெண்களுக்குக் குடியுரிமை வேண்டும் என்று 1790இலேயே வாதிட்டவரும் அவர். அவருக்கு மறுப்பாகத்தான் பாதிரியாரான மால்தஸ் 1798இல் தம் புகழ்பெற்ற கட்டுரையை வெளியிட்டார். உணவைவிட மக்கள் வேகமாகப் பெருகுவார்கள், ஆகவே ஏழைகளுக்கு உதவி செய்வது துன்பத்தைப் பெருக்கும் என்று வாதிட்ட மால்தஸ், கருத்தடையை ஒழுக்கக்கேடு என்று ஒதுக்கியவர். எண்ணிக்கையைக் கண்டு அஞ்சியவர் பாதிரியார். மனிதர்களின் அறிவை நம்பியவர் பகுத்தறிவாளர். இடைப்பட்ட காலத்தில் நாம் எப்படி மால்தஸின் பக்கம் போய்ச் சேர்ந்தோம் என்பதை நாம் கேட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை.

நல்ல பக்கங்களும் இந்த வரலாற்றில் உண்டு. இங்கிலாந்தின் தேசிய மதச்சார்பற்றோர் சங்கத்தைத் தோற்றுவித்த சார்லஸ் பிராட்லாவும் அவருடைய தோழர் அன்னி பெசன்ட்டும் கருத்தடை பற்றிய சிறு நூல் ஒன்றை மறுபதிப்புச் செய்ததற்காக 1877இல் குற்றவாளிக் கூண்டில் நின்றார்கள். அதன் தொடர்ச்சியாகப் பெசன்ட் அம்மையார் தம் மகளை வளர்க்கும் உரிமையையே இழந்தார். அவர்கள் கேட்டதெல்லாம் தொழிலாளர் வீட்டுப் பெண்களுக்கு அந்த அறிவு கிடைக்க வேண்டும் என்பதுதான். பிராட்லாவின் இயக்கத்தோடு தொடர்பு வைத்திருந்த சென்னை இலௌகிக சங்கத்தார் 1880களில் "தத்துவ விவேசினி" என்ற தமிழ் இதழை நடத்தினார்கள் என்பதும் நமக்குப் பெருமையே. அறிவைக் கொடுங்கள், முடிவை அவர்களிடம் விடுங்கள் என்பதுதான் அந்த மரபு.

அதே காலத்தில் வேறொரு மரபும் அறிவியலின் பெயரால் வளர்ந்தது. 1883இல் பிரான்சிஸ் கால்டன் யூஜெனிக்ஸ் என்று பெயர் சூட்டிய அந்த "இனமேம்பாட்டு"க் கொள்கை, யார் பெற்றுக்கொள்ளத் தகுந்தவர், யார் தகாதவர் என்று பிரிக்கத் தொடங்கியது. 1927இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கேரி பக் என்ற இளம்பெண்ணுக்குக் கட்டாயக் கருத்தடை செய்யலாம் என்று எட்டுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. நாஜி ஜெர்மனி 1933இல் சட்டம் இயற்றி ஏறக்குறைய 4 லட்சம் பேருக்கு இதைச் செய்தது. நாஜிகள்தானே என்று ஒதுங்கிவிட வழியில்லை. மக்கள்நல அரசுக்கு முன்மாதிரி என்று நாம் கொண்டாடும் சுவீடனிலும் 1930களின் நடுவிலிருந்து 1970களின் நடுவரை 60 ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்குச் சட்டப்படி கருத்தடை அறுவை நடந்தது. அவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள்; பலரிடம் சம்மதம் நெருக்குதலால் பெறப்பட்டது. பிரிட்டன் மனிதநேயச் சங்கத்தின் முதல் தலைவராக இருந்த உயிரியல் அறிஞர் ஜூலியன் ஹக்ஸ்லி, 1959 முதல் 1962 வரை இனமேம்பாட்டுச் சங்கத்துக்கும் தலைவர். கடவுளை மறுத்தவர்கள், மூடநம்பிக்கையை எதிர்த்தவர்கள், மனிதரை நேசித்ததாக உண்மையாகவே நம்பியவர்கள் ஹக்ஸ்லி போன்றோர். அறிவியல் சொல்கிறது என்ற சொல்லை வேறொருவருடைய உடம்பின்மேல் அதிகாரமாகப் பயன்படுத்தும் தவறு நம் பகுத்தறிவுக் குடும்பத்திலும் நேர்ந்திருக்கிறது என்பதை நம் பயிற்சி வகுப்புகளில் நாம் சொல்லிக்கொடுப்பதே இல்லை. நம் பகைவர்களின் குற்றங்களை மட்டும் படிக்கிற வரலாறு நமக்குப் போதாது.

இந்த இடத்தில்தான் பெரியாரின் தனித்தன்மை தெரிகிறது. தம் குடி அரசு இதழில் எழுதிப் பின்னர் "பெண் ஏன் அடிமையானாள்?" நூலில் சேர்ந்த கட்டுரையில் அவர் ஒரு கோட்டைக் கிழிக்கிறார். தாயின் உடல்நலத்துக்காகவும் பிள்ளைகளின் வலிமைக்காகவும் நாட்டின் வறுமை தீர்வதற்காகவும் குடும்பச் சொத்து சிதறாமல் இருப்பதற்காகவும் மற்றவர்கள் கர்ப்பத்தடை வேண்டும் என்கிறார்கள். நாமோ பெண்கள் விடுதலை பெறவும் சுயேச்சை அடையவும் அது வேண்டும் என்கிறோம் என்பது அவர் வாதம். அந்த நாளில் சென்னையில் படித்த மேல்தட்டினர் நடத்திய புதிய மால்தஸியச் சங்கமும் கர்ப்பத்தடையைத்தான் பரப்பியது. இன்னொரு பக்கம், செயற்கைக் கருத்தடையை ஏற்காத காந்தியாரோடு அமெரிக்கக் கருத்தடை இயக்கத்தின் முன்னோடி மார்கரெட் சாங்கர் 1935இல் வார்தாவுக்கே வந்து வாதிட்டார். எல்லோரும் ஒரே பொருளைப் பற்றிப் பேசினார்கள். பெண்ணின் விருப்பத்தையே காரணமாக வைத்துப் பேசியவர் பெரியார். நாட்டின் வறுமை தீர்ந்தாலும் தீராவிட்டாலும் அந்தக் காரணம் அப்படியே நிற்கும். எண்ணிக்கை கூடினாலும் குறைந்தாலும் நிற்கும். இன்று நமக்குத் தேவைப்படுவது அந்த ஒன்றே.

ஆனால் விடுதலைக்குப் பிறகு அரசு அந்தக் காரணத்தை எடுத்துக்கொள்ளவில்லை. 1951 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையர் ஆர்.ஏ. கோபாலசுவாமி, மூன்று குழந்தைகள் பெற்ற தாய் மறுபடியும் பெறுவதை முன்யோசனையற்ற தாய்மை என்ற பொருள்படும் சொல்லால் குறித்தார். பின்னர் சென்னை மாநிலத்தின் தலைமைச் செயலாளராக அமர்ந்து, பணம் கொடுத்துக் கருத்தடை அறுவை செய்யும் முறைக்கு வலுவான ஆதரவாளராக விளங்கினார். யோசனையில்லாதவள் தாய் என்று ஒருமுறை தீர்மானித்துவிட்டால், அவளிடம் கேட்பதற்கு அப்புறம் என்ன இருக்கிறது? என் தந்தையார் முழங்காலில் வைத்துக் கையெழுத்திட்ட தாளின் வேர் இந்தச் சொல்லில் இருப்பதாகவே எனக்குப் படுகிறது.

நெருக்கடி நிலைக் காலத்தை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. 1974இல் புக்காரெஸ்டில் நடந்த உலக மக்கள்தொகை மாநாட்டில் வளர்ச்சியே சிறந்த கருத்தடை என்று பேசிய அமைச்சர் கரண் சிங், 1976 ஏப்ரலில் வெளியிட்ட கொள்கை அறிக்கையில், வளர்ச்சி வரும்வரை காத்திருக்க முடியாது என்றும், மாநிலங்கள் கட்டாயச் சட்டம் இயற்றினால் தடுப்பதில்லை என்றும் அறிவித்தார். 1976–77 என்ற ஒரே ஆண்டில் 81 லட்சம் அறுவைகள் நடந்தன. 1,774 பேர் இறந்ததாக ஷா விசாரணை ஆணையத்தின் அறிக்கை பதிவு செய்தது. அந்தக் கொடுமையை எதிர்த்த நம் தோழர்கள் பலர் சிறையில் இருந்தார்கள். அதில் நமக்குக் குற்ற உணர்வு தேவையில்லை.

நம்மைக் குத்த வேண்டியது அதற்குப் பிறகு நடந்தது. ஆண்கள் வெகுண்டு ஓர் அரசையே கவிழ்த்ததும், அரசுகள் ஆண்களைத் தொடுவதை நிறுத்திவிட்டுப் பெண்கள் பக்கம் திரும்பின. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் திருமணமான பெண்களில் 57.8 விழுக்காட்டினர் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள். ஆண்களின் அறுவையை நம்பியிருப்போர் 0.1 விழுக்காடு. இந்திய அளவில் இவை 37.9, 0.3. ஆண்களுக்கான அறுவை சில நிமிடங்களில் முடிவது, வயிற்றைத் திறக்க வேண்டாதது, சிக்கல் குறைந்தது. இது ஒரு மருத்துவ உண்மை. அப்படியிருந்தும் "ஆம்பளைக்கு ஆபரேஷன் பண்ணினா வேலை செய்ய முடியாது" என்ற பொய் ஊரெங்கும் நிலைத்திருக்கிறது. ராகுகாலத்தையும் வாஸ்துவையும் பற்றி எத்தனை கூட்டங்கள் நடத்தியிருக்கிறோம்! இந்த ஒரு மூடநம்பிக்கையை எதிர்த்து நாம் நடத்திய கூட்டம் ஒன்றையாவது என்னால் நினைவுகூர முடியவில்லை. நம் இயக்கத்து ஆண்களில் எத்தனை பேர் அந்த அறுவையைச் செய்துகொண்டவர்கள் என்று ஒவ்வோர் அமைப்பும் தனக்குள் கேட்டுப் பார்க்க வேண்டும் என்று மனமாரக் கேட்டுக்கொள்கிறேன்.

2012 ஜனவரியில் பீகாரின் அராரியா மாவட்டத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் இரவு நேரத்தில் இரண்டு மணி நேரத்தில் 53 பெண்களுக்கு அறுவை செய்தார்கள். 2014 நவம்பரில் சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் அருகே ஒரே முகாமில் 83 பெண்களுக்குச் செய்தார்கள். பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2016 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தேவிகா பிஸ்வாஸ் வழக்கில், இத்தகைய முகாம்களை மூன்றாண்டுக்குள் நிறுத்தச் சொன்னது. நம் மாநிலத்து மருத்துவமனைகள் இவற்றைவிட எவ்வளவோ மேலானவை. அதைச் சொல்லத் தயக்கமில்லை. எனினும், கருக்கலைப்புக்கு வரும் வயதுவந்த பெண்ணின் சம்மதமே போதும், கணவர் சம்மதம் வேண்டியதில்லை என்று 1971ஆம் ஆண்டுச் சட்டமே சொல்லியிருந்தும், வீட்டுக்காரர் வந்து கையெழுத்துப் போடட்டும் என்று திருப்பி அனுப்பப்பட்ட பெண்களோடு நான் துணைக்குப் போயிருக்கிறேன். ஐம்பது ஆண்டுகளில் அந்தப் படிவம் அதே வராந்தாவில்தான் இருக்கிறது.

கட்டாயமில்லாமல் மக்கள்தொகை குறையுமா என்று கேட்கும் தோழர்கள் உண்டு. 1980 செப்டம்பர் 25ஆம் நாள் சீனப் பொதுவுடைமைக் கட்சி தன் உறுப்பினர்களுக்கு, குடும்பத்துக்கு ஒரே குழந்தை என்று அறிவுறுத்தி ஒரு திறந்த மடல் எழுதியது. அதற்குப் பின்புலமாக இருந்த கணிப்புகளில் முதன்மையானவை, சோங் ஜியான் என்ற ஏவுகணைக் கட்டுப்பாட்டு அறிவியலாளர் போட்டவை. ஏவுகணையின் பாதையைக் கணிக்கும் அதே கணிதத்தால் கோடிக்கணக்கான பெண்களின் வாழ்வைக் கணித்தார்கள். அதே காலத்தில் கேரளத்தில் என்ன நடந்தது என்பதை அமர்த்தியா சென் எடுத்துக்காட்டியிருக்கிறார். 1979இல் ஒரு பெண்ணுக்குச் சராசரியாகச் சீனத்தில் 2.8 பிள்ளைகள், கேரளத்தில் 3.0, 1991இல் சீனத்தில் 2.0, கேரளத்தில் 1.8. பெண்கள் படித்தார்கள், பிறந்த பிள்ளைகள் பிழைத்தார்கள், எவரும் எவரையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போகவில்லை. சீனமோ 2016இல் இரண்டாக்கி, 2021இல் மூன்றாக்கி, பெற்றுக்கொள்ளுங்கள் என்று இன்று வேண்டிக்கொண்டிருக்கிறது. பெண்கள் அதைக் கேட்பதாக இல்லை.

நம் பக்கத்தில் சிலர், ஒரு குறிப்பிட்ட மதத்தவர் மட்டும் பெருகுகிறார்கள் என்ற கணக்கையும் அறிவியல்போல் எடுத்து வைக்கிறார்கள். இந்தியாவில் ஒரு முஸ்லிம் பெண்ணுக்குப் பிறக்கும் பிள்ளைகளின் சராசரி 1992–93இல் 4.4 ஆக இருந்து 2019–21இல் 2.4க்கு இறங்கிவிட்டது. சரிபார்க்காமல் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டுப் பகுத்தறிவாளர் என்று சொல்லிக்கொள்ள நமக்கு உரிமை இல்லை.

இனி இன்றைய சிக்கலுக்கு வருகிறேன். 1976இல் 42ஆவது திருத்தத்தின் மூலம், 1971 மக்கள்தொகையின் அடிப்படையில் மாநிலங்களுக்கான மக்களவை இடங்களின் எண்ணிக்கை மாறாதபடி நிறுத்தி வைக்கப்பட்டது. பின்னர் 84ஆவது திருத்தம் அதை 2026க்குப் பிந்தைய முதல் கணக்கெடுப்புவரை நீட்டித்தது. குடும்பநலத்தில் முன்னேறிய மாநிலம் அதனாலேயே குரலை இழப்பது அநீதி. அதில் எனக்கு ஐயமே இல்லை. ஆனால் அதற்கு விடையாக 2024 அக்டோபரில் ஆந்திர முதலமைச்சர் சந்திரபாபு நாயுடு அதிகம் பெற்றுக்கொள்ளச் சொன்னார். 2025 மார்ச்சில் தமிழ்நாட்டு முதலமைச்சராக இருந்த மு.க. ஸ்டாலின், ஒரு திருமண விழாவில், முன்பெல்லாம் மெதுவாகப் பெற்றுக்கொள்ளச் சொன்னோம், இப்போது உடனே பெற்றுக்கொள்ளச் சொல்ல வேண்டியிருக்கிறது என்று பேசினார். கூட்டாட்சிக்கான போராட்டத்தை நாடாளுமன்றத்திலும் நீதிமன்றத்திலும் தெருவிலும் நடத்துவோம், நானும் வருகிறேன். தொகுதி எண்ணிக்கைக்கு ஈடாக மணமேடையில் நிற்கும் பெண்ணின் கருப்பையைக் கொடுக்க எவருக்கும் அதிகாரம் இல்லை. குறைக்கச் சொன்னபோது அவள் கேட்கப்படவில்லை. கூட்டச் சொல்லும்போதும் அவள் கேட்கப்படவில்லை. இதை நாம் சொல்லாவிட்டால் தமிழ்நாட்டில் வேறு எவர் சொல்வார்கள்?

சிறிய குடும்பம் என்ற முழக்கத்தை ஆணாதிக்க எதிர்ப்பிலிருந்து பிரித்தெடுத்து அரசிடம் கொடுத்ததால் என்ன ஆயிற்று என்பதையும் நாம் கண்டோம். இரண்டே பிள்ளை, அதில் ஒன்றாவது ஆண் என்று வீடுகள் கணக்குப் போட்டன. உசிலம்பட்டியின் பெண்சிசுக் கொலைகளும், வேண்டாமென்று விடப்படும் பெண் குழந்தைகளை அரசு ஏற்கும் தொட்டில் குழந்தைத் திட்டமும், கருவின் பாலினத்தை ஸ்கேனில் பார்த்துச் சொல்வதைத் தடுக்கும் சட்டமும் அந்தக் கணக்கின் பின்னால் வந்தவை.

எனவே உங்களிடம் கேட்கிறேன். மக்கள்தொகையைக் கூட்டவோ குறைக்கவோ பெண்ணின் உடலைக் கருவியாக்கும் எந்தத் திட்டத்தையும், அது யாருடைய ஆட்சியில் வந்தாலும், ஏற்கமாட்டோம் என்று உங்கள் அடுத்த மாநாட்டில் தீர்மானம் போடுங்கள். இரண்டுக்கு மேல் பிள்ளை உள்ளவர் உள்ளாட்சித் தேர்தலில் நிற்கக் கூடாது என்ற சில மாநிலங்களின் சட்டத்தையும், இத்தனை பெற்றால் இவ்வளவு பணம் என்ற வாக்குறுதியையும் ஒரே தட்டில் வைத்து எதிர்க்க வேண்டும். ஆண்களுக்கான அறுவையைப் பற்றிய பொய்களை உடைக்க, அதைச் செய்துகொண்ட தோழர்களே மேடையேறிப் பேச வேண்டும். இனமேம்பாட்டுக் கொள்கையில் பகுத்தறிவாளர்களுக்கு இருந்த பங்கு பயிற்சி வகுப்பில் ஒரு பாடமாக வேண்டும்.

இன்னொன்று. மாநாட்டில் மகளிர் அமர்வு என்று ஒன்று வைக்கிறீர்கள். அங்கும் பெரும்பாலும் எங்களைப் போன்ற படித்தவர்களே பேசுகிறோம். இந்த முறை, அறுவை செய்துகொண்ட பெண்கள், செய்யப்பட்ட பெண்கள், வேண்டி வந்தும் மறுக்கப்பட்ட பெண்கள் ஆகியோருக்கு அந்த நேரம் முழுவதையும் கொடுங்கள். பொறுப்பாளர்கள் முன்வரிசையில் அமர்ந்து, நன்றியுரை வரும்வரை எழுந்து போகாமல் கேளுங்கள். என் தாயாருக்கு எண்பது வயதாகிறது. பேச வருவாயா அம்மா என்று சென்ற வாரம் அவரிடம் கேட்டேன். சற்று நேரம் யோசித்துவிட்டு, நாள் சொன்னால் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

தோழமையுடன்,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவர்